இரத்தக் கொதிப்புக்குத் தனிப் பேரேடு கிடையாது

வணிகப் பெருமக்களுக்குக் கணக்கைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சரக்கு இருப்பு ஒரு பேரேட்டிலும், வரவேண்டிய பாக்கி இன்னொன்றிலும், வங்கிக் கடன் வேறொன்றிலும் இருக்கலாம். ஆனால் ஆண்டு முடிவில் ஐந்தொகை போடும்போது எல்லாவற்றையும் ஒரே தாளுக்குக் கொண்டு வந்துதான் கடை எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறோம். கல்லாவில் ரொக்கம் இருக்கிறது என்பதற்காகக் கடன் பக்கத்தைப் பார்க்காமல் விடுகிற வியாபாரி யாரும் இல்லை.

உடம்பு விஷயத்தில் மட்டும் நாம் இப்படி நடந்துகொள்வதில்லை. "எனக்குச் சுகர் கிடையாது, பிரஷர்தான் கொஞ்சம் இருக்கிறது" என்கிறார் ஒருவர். "பிரஷரெல்லாம் இல்லை, தொப்பைதான் போட்டுவிட்டது" என்கிறார் அடுத்த கடைக்காரர். "கொழுப்பு சற்றுக் கூட என்றார் டாக்டர், அது எல்லோருக்கும் இருப்பதுதானே" என்கிறார் மூன்றாமவர். மூவரும் தனித்தனியே மூன்று சிறிய தொல்லைகளைச் சொல்வதாக நினைக்கிறார்கள். உண்மையில் மூவரும் ஒரே கணக்கின் வெவ்வேறு பக்கங்களைப் படித்துக் கொண்டிருக்கிறார்கள். இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, இடுப்புச் சுற்றளவு, இரத்தத்தில் உள்ள கொழுப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதையும், நம் தொழிலில் உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டியது ஏன் என்பதையும் இங்கே எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

சத்தமில்லாத கடன்

இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் ஏற்படும் அழுத்தம் மேல் எண். இதயம் விரிந்து ஓய்வெடுக்கும்போது உள்ள அழுத்தம் கீழ் எண். பாதரசக் கணக்கில் 120-க்கு 80-க்குக் கீழே இருந்தால் நல்லது. வெவ்வேறு நாட்களில் ஓய்வாக அமர்ந்து பார்த்தும் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் இரத்தக் கொதிப்பு இருக்கிறது என்று டாக்டர்கள் முடிவு செய்கிறார்கள். மேல் எண், கீழ் எண் இரண்டில் ஒன்று மட்டும் கூடியிருந்தாலும் அது கொதிப்புதான். 120-க்கும் 140-க்கும் இடைப்பட்டவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர்கள்.

இதில் உள்ள சிக்கல், வலி இல்லாததுதான். பல் வலித்தால் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓடுகிறோம். இரத்தக் கொதிப்போ பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. தலை சுற்றினால்தான் பிரஷர் என்பதும், கோபக்காரர்களுக்குத்தான் பிரஷர் வரும் என்பதும் சரியல்ல. அமைதியாக, சிரித்த முகத்துடன் பெட்டியடியில் அமர்ந்திருப்பவருக்கும் 170 இருக்கலாம்.

அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் கதை இதற்கு ஓர் உதாரணம். 1944 மார்ச் மாதம் இதய மருத்துவர் அவரைப் பரிசோதித்தபோது இரத்த அழுத்தம் 186-க்கு 108 இருந்தது. ஓய்வு எடுக்கச் சொன்னார்கள், உப்பைக் குறைத்தார்கள். அழுத்தத்தை அடக்கி வைக்கக் கூடிய நல்ல மாத்திரை அன்று உலகத்தில் எங்குமே இல்லை. 1945 ஏப்ரல் 12-ஆம் நாள் தலை பயங்கரமாக வலிக்கிறது என்று சொல்லி மயங்கி விழுந்தார். மூளையில் இரத்தக் கசிவு. அப்போது எடுத்த அழுத்தம் 300-க்கு 190. அன்றே இறந்து போனார். வயது 63.

வல்லரசின் தலைவருக்கு அன்று கிடைக்காத மாத்திரை இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விலையில்லாமல் கிடைக்கிறது. இருந்தும் நம்மில் பலர் அழுத்தத்தை அளந்து பார்ப்பதில்லை. அளந்தவர்களில் பலர் மாத்திரையைத் தொடர்வதில்லை.

ஒரே வேர், ஐந்து கிளைகள்

1988-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் ஜெரால்டு ரீவன் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். உயர் இரத்த அழுத்தமும், சர்க்கரை ஏற்றமும், இரத்தக் கொழுப்புக் கோளாறும் பலரிடம் ஒன்றாகவே காணப்படுவது தற்செயல் இல்லை, இவற்றுக்கு அடியில் ஒரே காரணம் இருக்கிறது என்று அதில் எடுத்துக் காட்டினார். அந்தக் காரணம், இன்சுலினுக்கு உடம்பு சரியாகப் பணியாமல் போவது. அதற்கு அவர் 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று பெயரிட்டார். பின்னாளில் அதுவே 'மெட்டபாலிக் சிண்ட்ரோம்' என்று வழங்கலாயிற்று. உண்ட உணவைச் சக்தியாக மாற்றி, மிச்சத்தைச் சேமிக்கும் வேலைக்கு வளர்சிதை மாற்றம் என்று பெயர். அந்த வேலை தடுமாறுவதைத்தான் இந்தப் பெயர் குறிக்கிறது.

நம் மண்டிக் கணக்கில் சொல்வதானால் இது எளிதாகப் புரியும். சாப்பாட்டிலிருந்து வரும் சர்க்கரையை லாரியில் வந்து இறங்கிய மூட்டைகள் என்று வைத்துக்கொள்வோம். தசைகள்தாம் கிட்டங்கி. இன்சுலின், மூட்டையை இறக்கிக் கிட்டங்கிக்குள் சேர்க்கும் சுமைதூக்கும் தொழிலாளி. கிட்டங்கி ஏற்கெனவே நிறைந்து கிடந்தால் கதவு சரியாகத் திறக்காது. உடனே கணையம் இன்னும் பத்து ஆட்களை அனுப்புகிறது. மூட்டை எப்படியோ உள்ளே போய்விடுகிறது. ஆகவே சர்க்கரைப் பரிசோதனையில் சில ஆண்டுகள் வரை எண்ணிக்கை சரியாகவே இருக்கும். ஆனால் தெருவில் தேவைக்கு மேல் ஆட்கள் நிற்கிறார்களே, அவர்கள் சும்மா இருப்பதில்லை. கூடுதலாகச் சுரந்த இன்சுலின் சிறுநீரகத்திடம் உப்பை வெளியே விடாமல் பிடித்து வைக்கச் சொல்கிறது. உப்பு தங்கினால் நீரும் தங்கும். நரம்புகள் முடுக்கப்பட்டு இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. வயிற்றுக்குள் குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பும் அழுத்தத்தைக் கூட்டும் பொருள்களை வெளியிடுகிறது. முடிவில் இரத்த அழுத்தம் ஏறுகிறது.

ஆகவேதான் பலருக்குப் பிரஷர் முதலில் தென்படுகிறது. சர்க்கரை சில ஆண்டுகள் கழித்து வந்து சேருகிறது. முதல் விருந்தாளியை மட்டும் கவனித்துவிட்டு, பின்னால் வருபவரை நாம் எதிர்பார்ப்பதே இல்லை.

நாம் பார்க்க வேண்டிய ஐந்து கணக்குகள் இவை:

1. இடுப்புச் சுற்றளவு: இந்தியர் போன்ற தெற்காசிய மக்களில் ஆண்களுக்கு 90 செ.மீ. (சுமார் 35½ அங்குலம்), பெண்களுக்கு 80 செ.மீ. (சுமார் 31½ அங்குலம்) அல்லது அதற்கு மேல்.
2. இரத்த அழுத்தம்: 130-க்கு 85 அல்லது அதற்கு மேல்.
3. வெறும் வயிற்றில் சர்க்கரை: 100 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல்.
4. டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு: 150 அல்லது அதற்கு மேல்.
5. எச்.டி.எல். என்னும் நல்ல கொழுப்பு: ஆண்களுக்கு 40-க்குக் கீழ், பெண்களுக்கு 50-க்குக் கீழ்.

இந்த ஐந்தில் மூன்று இருந்தாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று 2009-இல் பன்னாட்டு மருத்துவ அமைப்புகள் கூடி வரையறுத்தன. ஒவ்வொரு எண்ணும் சற்றுத்தான் கூடியிருக்கிறது என்று நினைப்போம். நூறு ரூபாய் பாக்கி ஐம்பது பேரிடம் நின்றால் ஐயாயிரம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

இடுப்பை அளக்கும்போது ஒரு விஷயம். வேட்டி கட்டும் இடத்தையும் பேண்ட் சைஸையும் கணக்கில் எடுக்கக் கூடாது. தொப்பை பெருக்கப் பெருக்க வேட்டி கீழே இறங்கிவிடும்; இருபது ஆண்டுகளாக அதே சைஸ்தான் என்று நம்மை நாமே ஏமாற்றிக் கொள்வோம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டு, தையல்காரர் டேப் கொண்டு அளக்க வேண்டும்.

பெட்டியடியும் தொப்பையும்

வணிகர்களுக்கு இதில் தனிக் கவலை ஏன்? இரண்டு பழைய ஆய்வுகளைச் சொல்கிறோம்.

இலண்டன் மாநகரின் மாடி பஸ்களில் வேலை செய்தவர்களை டாக்டர் ஜெரமி மாரிஸ் ஆராய்ந்து 1953-இல் வெளியிட்டார். ஒரே பஸ், ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே சம்பளம். ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். நடத்துநர் நாள் முழுதும் மாடிப்படி ஏறி இறங்குவார். மாரடைப்பு ஓட்டுநர்களுக்குத்தான் அதிகம் வந்தது. 1956-இல் அதே குழுவினர் அவர்களது சீருடை அளவுகளைப் பார்த்தபோது, இடுப்புச் சுற்றளவும் ஓட்டுநர்களுக்கே பெரிதாக இருந்தது.

இரண்டாவது ஆய்வு நம்மவர்களைப் பற்றியது. அதே 1956-இல் டாக்டர் ஜீன் மேயரும் அவருடன் பணியாற்றியவர்களும் மேற்கு வங்காளத்தில் ஒரு சணல் ஆலையைச் சார்ந்து வாழ்ந்த 213 ஆண்களின் உணவையும் எடையையும் வேலையையும் கணக்கெடுத்தார்கள். மூட்டை சுமப்பவர், நிலக்கரி அள்ளுபவர், எழுத்தர், மேற்பார்வையாளர் ஆகியோருடன் அங்கிருந்த கடைவீதிக் கடைக்காரர்களும் அதில் அடக்கம். வேலை கூடக் கூட உணவும் கூடியது, எடை கூடவில்லை. ஆனால் நாள் முழுதும் உட்கார்ந்தே இருந்தவர்களிடம் இந்தக் கணக்கு தலைகீழானது. கடைக்காரர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். கடும் உழைப்பாளிக்கு ஈடாகச் சாப்பிட்டார்கள். எடை மட்டும் அவர்களுக்கு ஏறியிருந்தது. ஓரளவாவது உடலசைவு இருந்தால்தான் பசி தன் அளவை அறிகிறது. அறவே அசையாதவருக்குப் பசியே அளவு தப்பிவிடுகிறது என்பது அந்த ஆய்வு தரும் பாடம்.

நம் நாளைச் சற்று நினைத்துப் பார்ப்போம். காலை ஆறு மணிக்குக் கடை திறப்பு. கூட்டம் ஓய்ந்து பத்தரை மணிக்குச் சிற்றுண்டி. பிற்பகல் மூன்று மணிக்குச் சாப்பாடு, அதுவும் வாடிக்கையாளர் வந்தால் பாதியில் கை கழுவல். நடுவில் நான்கைந்து டீ, மாலையில் வடை அல்லது பஜ்ஜி, கைக்கெட்டும் தூரத்தில் மிக்சர் டப்பா. இரவு பத்தரைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுக்கை. சரக்கை எடுத்துப் போடுவது ஊழியர். நாம் சில்லறை கொடுப்பவர். இலண்டன் பஸ்ஸில் ஓட்டுநரும் நடத்துநரும் போல, ஒரே கடைக்குள் இரண்டு விதமான உடம்புகள் வளர்கின்றன.

இவற்றோடு பாக்கி வசூல், செக் திரும்புதல், ஜி.எஸ்.டி. கெடு என்று மனக் கவலையும், உறக்கக் குறைவும் சேர்கின்றன. பருமனான உடம்புடன் உரத்துக் குறட்டை விட்டு, பகலில் கல்லாவிலேயே கண் சொக்குகிறவர்கள் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு இரத்த அழுத்தத்தை ஏற்றக் கூடியது.

மளிகைப் பட்டியலே மருந்துச் சீட்டு

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது பழமொழி. உப்பை அறவே விடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதை மளிகைக் கணக்காக்கிப் பாருங்கள். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு மாதத்துக்கு 600 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ், பிஸ்கட், ரொட்டி ஆகியவற்றில் ஏற்கெனவே உள்ள உப்பும் இந்த 600-க்குள் அடக்கம். நான்கு பேர் வீட்டுக்கு மாதம் ஒரு கிலோ பாக்கெட் போய்க்கொண்டிருந்தால், ஊறுகாயைச் சேர்க்காமலே அளவு தாண்டிவிட்டது என்று பொருள். முதலில் நம் சொந்த வீட்டுப் பட்டியலை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாமே.

இந்துப்பு, கல் உப்பு ஆகியவை பிரஷரை ஏற்றாது என்று கேட்டு வாங்கிச் செல்வோர் பெருகி வருகிறார்கள். இரண்டிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். பிரஷருக்கு நல்லது என்று சொல்லி அவற்றை விற்பது நியாயமாகாது.

சோடியம் குறைந்த உப்பு என்று கடைகளில் விற்பனைக்கு வருவது வேறு வகை. இதில் சோடியத்தில் ஒரு பங்குக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு கலக்கப்படுகிறது. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2021-இல் வெளிவந்தது. கால் பங்கு பொட்டாசியம் கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் இத்தகைய உப்பைப் பரிந்துரைத்தது. ஆனால் இது எல்லோருக்கும் ஏற்றதன்று. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோருக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. டெல்மிசார்ட்டன், எனலாப்ரில் போன்ற மாத்திரைகளைச் சாப்பிடுவோரும், நெடுநாள் சர்க்கரை நோயாளிகளும் டாக்டரைக் கேட்ட பிறகே வாங்க வேண்டும். இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பே பாதிக்கப்படும். இந்தப் பாக்கெட்டை எடுத்துக் கொடுக்கும்போது, "கிட்னி தொந்தரவு உண்டா? டாக்டரைக் கேட்டீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்பது நம் கடமை.

சர்க்கரைக் கணக்கும் இதைப் போன்றதே. உணவில் கூடுதலாகச் சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள் இருப்பது சிறந்தது. நான்கு பேருக்கு மாதம் 3 கிலோ. வெல்லம், தேன், பிஸ்கட், குளிர்பானம் எல்லாம் உள்பட. கல்லாவில் உட்கார்ந்து ஐந்து டீ குடிப்பவர், ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் என்று வைத்தால் டீயிலேயே 40 கிராமைத் தாண்டுகிறார். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி என்று மாற்றுவதால் இந்தக் கணக்கு மாறிவிடாது. எண்ணெய் ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் அளவில் நிற்க வேண்டும்.

அரிசி வியாபாரம் செய்யும் அன்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. சென்னை நகர மக்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2009-இல் வெளியானது. வெள்ளை வெளேரென்று தீட்டிய தானியத்தை மிக அதிகமாக உண்டவர்களிடம் மெட்டபாலிக் சிண்ட்ரோம் கூடுதலாகக் காணப்பட்டது என்று அது தெரிவித்தது. சோற்றைக் கைவிட வேண்டாம். தட்டில் அரைப்பங்கு காய்கறியும் கீரையும், கால்பங்கு பருப்பு, பயறு, மீன் அல்லது முட்டையும், மீதிக் கால்பங்கு சோறும் என்று மாற்றினால் போதும். காய்கறி, பழம், கொழுப்பு குறைந்த பால் பொருள்கள் நிறைந்த உணவு மட்டுமே இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்பதை அமெரிக்காவில் 1997-இல் வெளிவந்த 'டாஷ்' ஆய்வு நிரூபித்தது. உப்பையும் சேர்த்துக் குறைத்தால் பலன் இன்னும் கூடுதல் என்பதை 2001-இல் வெளிவந்த தொடர் ஆய்வு காட்டியது. எடையைப் பொறுத்தவரை, குறைக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் மேல் எண்ணில் ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்கும்.

மாத்திரையைப் பற்றிய மயக்கங்கள்

இரத்தக் கொதிப்பு மருந்தின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. நாட்டு மருந்துக் கடைக்காரர்கள் அறிந்த சர்ப்பகந்தி வேரை இரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்குக் கொடுத்து, அதன் பலனை 1949-இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதியவர் பம்பாயைச் சேர்ந்த டாக்டர் ருஸ்தம் ஜல் வக்கீல். 1952-இல் அந்த வேரிலிருந்து 'ரெசர்பின்' என்ற மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. பின்னர் அதனால் மனச்சோர்வு போன்ற பின்விளைவுகள் வருவது தெரிந்து, அதைவிடப் பாதுகாப்பான மருந்துகள் வந்தன. ஆகவே சர்ப்பகந்தியைத் தாமாகவே வாங்கிச் சாப்பிடுவது கூடாது.

"மாத்திரை ஆரம்பித்தால் விட முடியாது" என்று பயந்து தள்ளிப்போடுகிறவர்கள் பலர். மாத்திரை நம்மைப் பிடித்துக்கொள்வதில்லை. நோய் நீடிப்பதால் மருந்தும் நீடிக்கிறது. எடையும் உப்பும் குறைந்து அழுத்தம் நன்றாக இறங்கியவர்களுக்கு டாக்டரே அளவைக் குறைப்பதும் உண்டு. "இப்போது 120-தான் இருக்கிறது, குணமாகிவிட்டது" என்று நிறுத்துவது இன்னொரு தவறு. அந்த 120 மாத்திரையின் வேலை. பூட்டு போட்டிருப்பதால் திருட்டு நடக்கவில்லை. திருட்டு நடக்காததால் பூட்டு வேண்டாம் என்று கடைக்காரர் எவரும் சொல்வதில்லை. சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் முன்னைவிடக் கூடுதலாக எகிறும். பக்கத்துக் கடைக்காரருக்குக் கேட்ட மாத்திரையை நாம் வாங்கிப் போடுவதும், முழங்கால் வலிக்கு டாக்டர் சீட்டு இல்லாமல் அடிக்கடி வலி மாத்திரை விழுங்குவதும் ஆபத்து. வலி மாத்திரைகள் பல, அழுத்தத்தை ஏற்றுபவை, சிறுநீரகத்தையும் கெடுப்பவை.

பிரஷரும் சர்க்கரையும் சேர்ந்து இருப்பவர்கள் இரண்டையும் ஒரே டாக்டருக்குத் தெரியப்படுத்த வேண்டும். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றைப் பாதிக்கக் கூடும். இரண்டையும் சேர்த்துக் கவனித்தால் எவ்வளவு நன்மை என்பதற்குப் பிரிட்டனில் 1998-இல் வெளிவந்த ஆய்வு சான்று. சர்க்கரை நோயுடன் இரத்தக் கொதிப்பும் உள்ள 1,148 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அழுத்தத்தை நன்றாக இறக்கினார்கள். மேல் எண்ணில் இரு பிரிவுக்கும் இருந்த வேறுபாடு சராசரி 10 புள்ளிதான். ஆனால் அழுத்தம் இறங்கியவர்களிடம் பக்கவாதம் 44 சதவீதமும், சர்க்கரை நோய் சார்ந்த மரணங்கள் 32 சதவீதமும் குறைந்தன.

அளப்பதற்கும் முறை உண்டு

எடைக்கல் சரியாக இல்லாவிட்டால் வியாபாரம் கெடும். அழுத்தம் பார்ப்பதும் அப்படியே. டீ, காபி, புகை ஆகியவற்றை அரைமணி நேரம் முன்பே தவிர்க்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, பாதம் தரையில் பதிய ஐந்து நிமிடம் பேசாமல் அமர வேண்டும். கை, இதயத்தின் உயரத்தில் மேசை மேல் இருக்க வேண்டும். சட்டையின் மேல் பட்டையைச் சுற்றக் கூடாது. பருமனான கைக்குப் பெரிய பட்டை வேண்டும். சிறியதைச் சுற்றினால் எண் கூடுதலாகக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்துக் குறித்து வைக்க வேண்டும். வீட்டில் எடுக்கும் எண்களின் சராசரி 135-க்கு 85-ஐத் தாண்டினால் டாக்டரைப் பார்க்க வேண்டும். மூட்டை இறக்கிய கையோடு மருந்துக் கடையில் நின்றபடி பார்க்கும் பிரஷர் கணக்கில் சேராது.

சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. 20 வயதைக் கடந்த 1,13,043 பேரிடம் கணக்கெடுத்ததில், 35.5 சதவீதம் பேருக்கு இரத்தக் கொதிப்பும், 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோயும், 15.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வரும் முன்நிலையும், 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமனும் இருந்தன. பத்துக் கடைகள் உள்ள வரிசையில் மூன்று நான்கு பேருக்குப் பிரஷர் இருக்கும் என்பது இதன் பொருள்.

நாம் செய்யக் கூடியவை

பெரும்பாலான சிறு கடைகள் ஒரே ஆளை நம்பி நடப்பவை. நமக்கு மருத்துவ விடுப்பு இல்லை. சம்பளத்துடன் ஓய்வு இல்லை. யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்த மொத்த வியாபாரிக்கு எப்போது பணம் என்பதெல்லாம் முதலாளியின் தலைக்குள்தான் இருக்கிறது. ஒரு பக்கவாதம் அந்தத் தலையையும் பேச்சையும் வலது கையையும் ஒரே நாளில் எடுத்துக்கொண்டால், வாராக்கடனும் மருத்துவச் செலவும் ஒன்றாக வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும். இது பயமுறுத்தலுக்காகச் சொல்லவில்லை. பெரும்பாலும் தடுக்கக் கூடிய நட்டம் என்பதால் சொல்கிறோம்.

மணிக்கு ஒரு தடவை கல்லாவை விட்டு எழுந்து, இரண்டு மூன்று வாடிக்கையாளருக்கு நாமே சரக்கு எடுத்துக் கொடுக்கலாம். வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரைமணி நேரம் வேக நடை நடக்க வேண்டும். கொள்முதலுக்குப் போகும் நாட்களில் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடப்பதும் இதில் சேரும். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குக் கடைக்கே வரவழைத்து அளவாக முடிப்பது, பத்தரைக்கு மேல் வயிறு முட்ட உண்பதைவிட நல்லது. புகையிலையை எல்லா வடிவிலும் விட வேண்டும். மதுவும் அழுத்தத்தை ஏற்றும்.

முப்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது மேலே சொன்ன ஐந்து கணக்குகளையும் ஒரே நாளில் பார்த்து, ஒரே தாளில் எழுதி வைப்பது நல்லது. கூடுதலாக உள்ளவர்கள் டாக்டர் சொல்லும் இடைவெளியில் பார்க்க வேண்டும். இல்லத்தரசிகளையும் கடை ஊழியர்களையும் இதில் விட்டுவிடக் கூடாது.

சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மே 5-ஆம் நாள் வணிகர் தினம். மே 17-ஆம் நாள் உலக உயர் இரத்த அழுத்த தினம். வணிகர் தினத்துக்குத் திரளும் நாம், பன்னிரண்டு நாள் கழித்து அந்தந்தக் கடைவீதியிலேயே ஒரு காலைப் பொழுது பரிசோதனை முகாம் நடத்தினால் என்ன? ஆரம்ப சுகாதார நிலையத்தாரை அணுகினால் வழி சொல்வார்கள். டேப், எடை மிஷின், பிரஷர் கருவி, சர்க்கரைக் கருவி இருந்தால் மூன்று கணக்குகள் அங்கேயே தெரிந்துவிடும்; கொழுப்புக்கு மட்டும் இரத்தம் எடுத்து அனுப்ப வேண்டியிருக்கும்.

கடைசியாக, கடை ஊழியர் அனைவருக்கும் இதைச் சொல்லி வைக்க வேண்டுகிறோம். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதம். சோடா கொடுத்து, படுக்க வைத்து, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன் தரும். அதற்குள்ளும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதை டாக்டர் முதலில் கேட்பார். கடிகாரத்தைப் பார்த்து ஒரு சீட்டில் குறித்து உடன் கொடுத்து அனுப்புங்கள்.